இரட்டை ஆணி

என் அண்ணனுக்குப் படம் பார்க்கத் தெரியாது. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அவனே ஒப்புக்கொள்வான். முப்பத்தெட்டு வருடம் ஓவிய ஏலக்கூடத்தில், பெரும்பாலும் மதிப்பிடுகிற வேலைக்கு, சம்பளம் வாங்கியவன். படத்தில் இருப்பது குதிரையா மாடா என்று கேட்டால் தலையைச் சொறிவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் படத்தின் முதுகுதான்.

அதற்குக் காரணம் உண்டு. ஏலக்கூடத்தில் அவன் முதலில் சேர்ந்தது படம் தூக்குகிற வேலைக்கு. ஏலம் நடக்கும்போது படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும். முன்பக்கம் வாங்க வந்தவர்களுக்கு, பின்பக்கம் இவனுக்கு. ஒரு நாளைக்கு அறுபது படம் பிடிப்பான். மூக்குக்கு நேரே மரச்சட்டம், துணி மடிப்பு, துருப்பிடித்த ஆணி. வேறு எதைப் பார்ப்பான், பாவம்? பார்த்துப் பார்த்து, எந்தச் சட்டம் எந்தப் பட்டறையில் செய்தது, எந்த ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டான்.

அப்போதெல்லாம் மதிப்பு போடுவது முதலாளி ஒருவர்தான். பத்தடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கி, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" எவ்வளவு நீளமோ அவ்வளவு விலை. இப்போது படத்துக்கு விதவிதமாக வெளிச்சம் போட்டுப் பார்க்கிறார்கள், சாயத்தைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்புகிறார்கள், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காகிதம் கேட்கிறார்கள். படத்தைவிட ஃபைல் கனமாக இருக்கிறது. வாங்குகிறவனோ எங்கேயோ உட்கார்ந்து போனில் பார்த்துவிட்டு வாங்குகிறான். அன்றும் சரி இன்றும் சரி, படத்தை ஆசையாகப் பார்த்து நின்ற ஒருவனையாவது நான் பார்த்ததில்லை. அதே ஆபீசில் டைப் அடித்தவள் சொல்கிறேன்.

அண்ணனுக்கு வாழ்வு வந்தது பெரியவரால். பெரியவர் என்றால் ஊரே பெரியவர் என்று சொன்ன ஓவியர். அவர் இறந்த பிறகு விலை தாறுமாறாக ஏறியிருந்த நேரம். பூட்டிக்கிடந்த ஒரு பட்டறையைக் காலி செய்தபோது கையெழுத்தில்லாத பதினோரு படங்கள் வந்தன. முதலாளி "ம்ம்" என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டார். அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சார், இது பெரியவரோடதுதான். ஒவ்வொரு மூலையிலயும் ரெட்டை ஆணி பாருங்க. தலை எல்லாம் வலப்பக்கம் சாஞ்சிருக்கு. அவரு கையெழுத்துப் போட்ட படத்துலயும் இதே மாதிரிதான். வேற யாரு படத்துலயும் நான் பார்த்ததில்ல."

கிடங்கிலிருந்து பெரியவரின் படங்களை எடுத்துவந்து திருப்பிப் பார்த்தார்கள். அச்சு அசல் அதே ஆணி. பதினொன்றும் பெரியவர் பெயரில் விற்றன. அண்ணனுக்குத் தனி மேஜை, விளக்கு, பூதக்கண்ணாடி. அன்றிலிருந்து அவன் 'ஆணி சார்'. ஏலத்துக்கு முன்பே எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பெருமையில்தான்; அந்தப் பதினொன்றுக்குமான கேட்லாக்தான் நான் முதலில் டைப் அடித்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். பெரியவர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷர் என்று ஊருக்கே தெரியும். அவர் சுத்தியலைத் தொட்டிருப்பாரா? துணியை இழுத்துக் கட்டி ஆணி அடித்துக் கொடுக்க ஆள் வைத்திருக்க மாட்டாரா? வீட்டு ஆம்பளைகளுக்கு எடுபிடி வேலை செய்கிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் பட்டென்று சொல்லியிருப்பாள். என்னையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் தோன்றித் தொலையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். சட்டை தைக்கிற கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு படத்தை அண்ணன் மேஜையில் வைத்தாள்.

"விக்கணுமாம்மா?" என்று கேட்டான் அண்ணன்.

"ஐயோ, விக்க இல்லீங்க. இது எங்கப்பா வரைஞ்சது. பெரியவர்கிட்ட சட்டம் அடிக்கிற வேலை பார்த்தாரு. லீவு நாள்ல தன்னோட வாடகைப் பட்டறையில உக்காந்து தனக்குன்னு வரைவாரு. திடீர்னு போயிட்டாரு, வாடகை பாக்கின்னு பட்டறையப் பூட்டிட்டாங்க. வீட்ல இருந்த இது ஒண்ணுதான் மிச்சம். உங்க ஏலப் புஸ்தகத்துல ஒரு தடவை அப்பா பேரு வரணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

படத்தில் ஒரு சிறுமி தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மேலே ஜன்னல், உடைந்த ஒரு கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தது. "அது நான்தாங்க. அந்த அட்டை அம்மா ஒட்டினது" என்றாள். அந்தப் பதினோரு படங்களில் நான்குக்கு 'அட்டை ஒட்டிய ஜன்னல்' என்று கேட்லாக்கில் தலைப்பு டைப் அடித்தவள் நான்.

அண்ணன் வழக்கம்போல் முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பினான். மூலையில் இரட்டை ஆணி. தலைகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன, இடது கையால் அடித்தால் சாய்கிற மாதிரி.

"உங்கப்பா இடது கைக்காரராம்மா?"

"ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சந்தோஷமாகக் கேட்டாள். அண்ணன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். பிறகு, யாரையும் கேட்காமல், "பேரு போட்டுடலாம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். படத்தைச் சோதனைக்கு விட்டுப்போகச் சொல்லிப் படிவத்தை நீட்டியது நான். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

அவள் போனதும், "பாப்பா, நான் இத்தனை வருஷமா வேற ஒருத்தரோட கையைப் பார்த்துக்கிட்டு பெரியவர்னு சொல்லிட்டிருந்திருக்கேன்டி" என்றான். எனக்கு நரைத்துவிட்டது, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"வாயை மூடிக்கிட்டு இரு. ரிட்டயராக ஒன்றரை வருஷம் இருக்கு. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேனே."

"ஏன் சொன்னே? உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

அன்றே மூன்று பக்கம் எழுதினான். இரட்டை ஆணி, பெரியவருக்கு மரச்சட்டம் அடித்த சட்டக்காரருடையது, அதை வைத்துப் பதினொன்றையும் பெரியவருடையது என்று தான் சொன்னது தவறு, ஜன்னலும் சட்டக்காரர் வீட்டு ஜன்னல், ஆகவே வரைந்தவர் அவரே என்று. நான்தான் டைப் அடித்தேன். அடிக்கும்போதே திட்டிக்கொண்டேதான் அடித்தேன்.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சட்டக்காரன் வரைஞ்சதை பெரியவர் பேருல வித்தது யாருய்யா? நாமதானே? வாங்கினவன் சும்மா விடுவானா?"

"என் தப்புன்னு போடுங்க சார்."

"உன் தப்புன்னா எங்க தப்பு. அவன் தப்புன்னா தீர்ந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "பெரியவரோட ஆணியையே அடிச்சு, அவரு மாதிரியே வரைஞ்சு, ஊரை ஏமாத்தியிருக்கான். நாமளும் ஏமாந்துட்டோம். செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லப்போறதில்ல."

"சார், அவரு எதுலயும் கையெழுத்தே போடலியே! யாருக்கும் விக்கவும் இல்லியே! எங்க சார் ஏமாத்தினாரு?"

"அதே ஆணி அடிச்சிருக்கான்ல?"

"அவரு அடிக்கிற ஆணியே அதுதானே சார்!"

அண்ணன் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மேஜையைக் குத்தினான், அழுதான், வேலையை விடுகிறேன் என்றான். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அவன் கடிதத்திலிருந்து இரண்டே வரிகளை எடுத்து, சட்டக்காரர்தான் வரைந்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். மிச்சத்தை யாரும் சீண்டவில்லை. பதினொன்றும், அவள் கொண்டுவந்த படமும் போலி என்று அறிவிப்பு வந்தது. ஏலக்கூடத்தின் நேர்மையைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதினார்கள். இதைவிடக் கொடுமை உண்டா?

ஏலக்கூடத்தில் ஒரு வழக்கம். சோதனைக்கு வந்த படம் போலி என்று முடிவானால், முதுகில் சிவப்பு முத்திரை குத்தித்தான் திருப்பித் தருவார்கள். அவள் கையெழுத்திட்ட படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அது இருந்தது. முத்திரை குத்தும்போது துணி கிழியாமல் இருக்க, முன்பக்கத்திலிருந்து உள்ளங்கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது பக்குவமாகத் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். அவனைத்தான் கூப்பிட்டார்கள். நான் போகாதே என்றேன். "வேற எவனாவது பிடிச்சா படம் கிழிஞ்சிடும் பாப்பா" என்று போய்ப் பிடித்தான். அன்றுதான் அவன் உள்ளங்கை அந்தச் சிறுமியின் முகத்தின் மேல் இருந்தது. வந்து கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

அத்தோடு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் சாப்பிடுவான்.

கேட்லாக் வெளிவந்த வாரம் அவள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அப்பா பெயர் வந்திருக்கிறது என்று கம்பெனியில் யாரோ சொன்னார்களாம். படத்தை ஏலக்கூடத்தில் வாங்கிக்கொண்டு, அதே விரிப்பில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். முத்திரையைப் பார்த்தாளா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

"அந்தப் புஸ்தகம் ஒண்ணு கிடைக்குமாங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். கொடுக்காதே என்கிறானா, கொடு என்கிறானா, புரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'போலி ஓவியங்கள்: பன்னிரண்டு. தயாரித்தவர்:' அதற்குப் பக்கத்தில் அவள் அப்பா பெயர்.

அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். மேலே இருந்த வரியையும் படித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணன், "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தான்.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புத்தகத்தை மூடி, "அப்பாவை இனிஷியலோட யாருமே கூப்பிட்டதில்லீங்க. இதுல இனிஷியலோட போட்டிருக்காங்க" என்றாள். படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் அதன் பிறகு அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் அவனிடம் ஒன்றைச் சொல்லவில்லை. ஒரே பெயரில் இன்னொருவர் இருந்து வழக்குப் போட்டுவிடப் போகிறார், இனிஷியலையும் சேர் என்றார் முதலாளி. அவள் கையெழுத்திட்ட படிவத்தில் அப்பா பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்து அதை டைப் அடித்துச் சேர்த்தவள் நான்தான்.