முற்றத்தில் வந்து இறங்கிய இஞ்சின்

எங்கள் ஜீப்பின் இஞ்சினை மாற்றப் போகிறோம் என்பதை நான் அண்ணன் வாயால் கேள்விப்படவில்லை. ஒரு சனிக்கிழமை காலை சின்ன லொறியொன்று பின்பக்கமாகத் திரும்பி எங்கள் முற்றத்துக்குள் வந்து நின்றது. அதில் தார்ப்பாய் போர்த்திய இஞ்சின் ஒன்று இருந்தது. வந்தவர்கள் அதை அலவாங்கால் நெம்பி, பலகை வழியாகச் சரித்து, பழைய டயர்களின் மேல் உட்கார வைத்தார்கள். லொறிக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த அண்ணன், கல்யாண மாப்பிள்ளையைக் கூட்டி வந்தவர் போல முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார்.

ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ டீசல் இஞ்சின் என்றார். ஓட்டம் குறைவு, சத்தம் குறைவு, புகையே கிடையாது என்றார். நான் துணி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல இஞ்சின்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் ஜீப்புக்கு அது நல்லதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஜீப்பை ஓட்டுகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த ஜீப் எங்கள் இருவருக்கும் சொந்தம். ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொரைமார் பாவித்துக் கழித்துவிட்ட நீளமான டீசல் ஜீப் அது. நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கினோம். வியாபாரம் பேசுவது, தொலைபேசியில் ஆட்களைப் பிடிப்பது எல்லாம் அவர் பக்கம். ஸ்டியரிங் என் பக்கம். வார நாட்களில் ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி அப்பாலுள்ள கிராமங்களுக்குப் போய் மிளகும் ஏலக்காயும் ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கு வருவேன். விடுமுறை நாட்களில் சீகிரியா பார்த்துவிட்டு வருகிற உல்லாசப் பயணிகளை அதே பாதையில் மேலே கூட்டிப் போவேன். பெண் ஓட்டுகிறாள் என்று ஆரம்பத்தில் சிலர் ஏறத் தயங்கியதுண்டு. இறங்கும்போது அவர்களே அடுத்த தடவைக்கு என் இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

இஞ்சின் வந்து இறங்குவதற்கு முந்திய வாரந்தான் ஜீப் என்னைக் கைவிட்டிருந்தது. கிராமத்திலிருந்து மிளகு மூட்டைகளோடு ஏறி வந்துகொண்டிருந்தேன். பின்னால் சந்தைக்குப் போகும் பெண்கள் சிலர் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கணவாய்க்குக் கீழே, மூடுபனி தொடங்குகிற வளைவில், முன் மூடிக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். பெண்கள் இறங்கி ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து தந்தார்கள். இஞ்சின் ஆறும் வரைக்கும் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஏறினேன். அடுத்த வளைவில் திரும்பவும் ஆவி. கடைசி ஏற்றத்தில் பாரம் குறையட்டும் என்று அந்தப் பெண்கள் ஜீப்புக்குப் பின்னால் நடந்தே வந்தார்கள். குழாயிலிருந்து வந்த கறுப்புப் புகை முழுவதும் அவர்கள் முகத்தில்தான் அடித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

"அது கெழட்டு இஞ்சின் தங்கச்சி," என்றார் அன்று முற்றத்தில். "எத்தன நாளைக்கு தண்ணி ஊத்திக்கிட்டே ஓட்டுவ? இத வெச்சா மூணாவது கியர்ல ஏறலாம்."

பழைய இஞ்சினைத் திறந்து பார்த்து, தேய்ந்ததை மாற்றி, குறையைத் திருத்தி, அதையே இன்னும் நன்றாக்கலாம் என்பது என் எண்ணம். அவருக்கு அது செத்தவருக்கு மருந்து வாங்குகிற வேலையாகப் பட்டது. பேச்சு சூடானது. பாடசாலைக்குப் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என் கணவர் வெளியே எட்டிப் பார்த்து, இஞ்சின் எங்கும் ஓடிப் போகாது, முதலில் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பிடும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏற்கெனவே இப்படி மாற்றிய ஒரு ஜீப்பை நானே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் எங்கள் பாதையில், பாரத்தோடு. அண்ணன் உடனே சம்மதித்தார். ஓட்டிப் பார்த்தால் நான் மயங்கிவிடுவேன் என்று நம்பினார்.

நாலந்தாப் பக்கத்தில் மிளகு வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்ற முறையில் நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுடையதைப் போன்ற ஜீப்பொன்றில் இதே வகை டர்போ இஞ்சினை வைத்து அவர் சில வருடங்களாக ஓட்டி வருகிறார். கணவாய்க்கு அப்பால் அவருக்கும் கொள்முதல் இருந்தது. அண்ணன் பேசியதும், ரத்தோட்டை வரை தானே கொண்டு வருவதாகவும், அங்கிருந்து நான் ஓட்டலாம் என்றும் சொன்னார். ஓட்டிப் பார்க்கப் பாரம் வேண்டும் என்று நான் கேட்டதால் கிராமத்துக் கடைக்கு அரிசி மூட்டைகளும் ஏற்றிக்கொண்டார்.

ஏற்றத்தில் அந்த ஜீப் பறந்தது. பொய் சொல்லிப் பயனில்லை, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் வழக்கமாக இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும் வளைவுகளில் மூன்றாவது கியரில் சிரித்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் போன வேனொன்று ஓரங்கட்டி வழிவிட்டது. வெப்பமானியின் முள் அசையவில்லை. பின்னால் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவாயில் காற்று ஜீப்பை உலுக்கியபோது, இனிப் பேச்சுக்கு இடமில்லை என்பது போல என் தோளைத் தட்டினார்.

அங்கிருந்து மறுபக்கம் இறங்கி, தார் ரோட்டை விட்டுக் கிராமத்துக்குப் பிரியும் கல் பாதையில் திரும்பினேன். அங்கேதான் விஷயம் மாறியது. செங்குத்தான இறக்கம், உருண்டைக் கற்கள், ஒரு பக்கம் பள்ளம். என் ஜீப் என்றால் நால்சக்கரக் கியரைத் தாழ்த்தி முதலாவதில் போட்டுவிட்டுக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுவேன். அந்தப் பெரிய பழைய இஞ்சின் தன் கனத்தாலேயே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மாடு கயிற்றை இழுத்துப் பிடிப்பது போல மெல்ல மெல்ல இறக்கும். நானாவின் ஜீப்பிலும் அப்படியே செய்தேன். அது பிடிக்கவில்லை. சின்ன இஞ்சின், அரிசி மூட்டைகளின் பாரம் பின்னாலிருந்து தள்ள, வண்டி முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. பிரேக்கை மிதித்தேன். விட்டதும் மறுபடி தள்ளியது. மிதித்து மிதித்தே இறங்கினேன். பாதி வழியில் பிரேக் தீயும் வாசம் வந்தது.

நானா பதறவில்லை. ஒரு மட்டமான இடத்தைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஏத்தத்துல இதுக்கிட்ட ஒன்டும் நிக்காது தங்கச்சி," என்றார். "எறக்கத்துல மட்டும் கவனமா ஈங்க. நான் இந்தப் பாதையில ரெண்டு எடத்துல நிப்பாட்டி, பிரேக்க ஆறவெச்சிட்டுத்தான் போற."

தன்னுடைய ஓட்டம் பெரும்பாலும் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையிலான நெடுஞ்சாலையில்தான், இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருவது, அதனால் தனக்கு இது சரி என்றும் சொன்னார். ஒளிவு மறைவில்லாத பேச்சு. இஞ்சினை வைத்த பிறகு கியர்பொக்ஸை மாற்ற நேர்ந்ததையும், புதிய இஞ்சின் இலக்கத்தைப் பதிய அலைந்ததையும், முன் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளைத் திருத்தியதையும் கேட்காமலே சொன்னார்.

திரும்பி வரும்போது அண்ணன் பெரிய பிரேக் போட்டுவிடலாம் என்றார்.

"அண்ணே, எல்லாரும் ஏறுறதப் பத்தி மட்டுந்தான் பேசுறீங்க," என்றேன். "எறக்கிக்கிட்டு வாறது நானு. பின்னுக்குப் பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க."

அவர் திரும்பிப் பாதையோரப் பள்ளத்தைப் பார்த்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பழைய இஞ்சினை ரத்தோட்டை கராஜில் திறப்போம். இஞ்சினின் இரும்பு வார்ப்பிலே எங்காவது வெடிப்பு இருந்தால் நான் ஒரு சொல்லும் பேசாமல் முற்றத்தில் இருப்பதை வைக்கச் சம்மதிக்கிறேன். வெடிப்பு இல்லையென்றால் அவர் பேசக்கூடாது. அதற்கு அவர் சரி என்றார்.

கராஜ் மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் சிங்களவர், எங்கள் ஜீப்பை நன்றாக அறிந்தவர். இஞ்சினைக் கழற்றி மேசையில் பரப்பினார். அன்று நான் போய்ப் பார்த்தபோது, ஜீப்பில் இஞ்சின் இருந்த இடம் வெறுமையாக இருக்க, அதன் வழியே கீழே புல் தெரிந்தது. என் நம்பிக்கை ஆட்டங்கண்டது அப்போதுதான். நான் பிடித்த பிடி தவறாகிவிட்டால், வேலையும் கெட்டு அண்ணனுக்கு முன்னால் முகமும் கெடும் என்று தோன்றியது. அண்ணன் அங்கே கதிரை ஒன்றில் உட்கார்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் என் நிலைதான்.

பாஸ் ஒவ்வொன்றாகக் கழுவி, வெடிப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தடவிப் பார்த்தார். வார்ப்பில் வெடிப்பு இல்லை. சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன, ஆனால் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் அளவுக்கு இரும்பு மிச்சமிருந்தது. மேல் மூடி கொஞ்சம் வளைந்திருந்தது, சீவிச் சமப்படுத்தலாம் என்றார். ரேடியேட்டரைப் பிரித்தபோது பாதிக் குழாய்கள் சேறும் துருவும் அடைத்துக் கிடந்தன. இஞ்செக்டர்கள் டீசலைத் தூவுவதற்குப் பதிலாகச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தன. ஆவிக்கும் கறுப்புப் புகைக்கும் காரணம் அங்கேயே இருந்தது.

அண்ணன் கடைசியாக ஒன்று கேட்டார். அதே இஞ்சினுக்கு வெளியிலிருந்து ஒரு டர்போ பூட்டினால் என்ன? பாஸ் பூட்டலாம் என்றார், என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். அந்தக் காலத்து பிஸ்டன் அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. குறையைத் தீர்த்த கையோடு புதுக் குறையை நாங்களே ஏன் வைக்க வேண்டும்? அதற்குப் பதிலாக அகலமான ரேடியேட்டர், நல்ல காற்று வடிகட்டி, கொஞ்சம் பெரிய புகைக்குழாய், சீர்படுத்திய டீசல் பம்ப், இவை போதும் என்று சொன்னேன். பாஸ் தலையாட்டினார்.

வேலை முடிந்து முதல் ஓட்டம் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மூட்டைகளோடும் அதே பெண்களோடும் ஏறினேன். இரண்டாவது கியர்தான். வேன்கள் என்னைத் தாண்டிப் போயின. ஆனால் வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. கணவாய் வந்தபோது ஒருவரும் இறங்கி நடக்கவில்லை. பின்னாலிருந்த அக்கா ஒருவர் குனிந்து, புகையையே காணோமே, இது வேறு ஜீப்பா என்று கேட்டார். அதே ஜீப்தான் என்றேன். குரலில் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

முற்றத்து இஞ்சின் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கொஞ்ச காலம் அதன் மேல் கோழிகள் ஏறி நின்றன. நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, வென்றவள் சீண்டக் கூடாது. ஒரு நாள் அண்ணன் எங்கேயோ தேடிப் பிடித்து, இஞ்சின் இல்லாத ஜீப் உடல் ஒன்றை லொறியில் கட்டி இழுத்து வந்தார். டர்போ இஞ்சினை அதில் வைத்தார். கியர்பொக்ஸ், பிரேக், பதிவு எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே அதற்கென்று பார்த்துச் செய்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்று உதவினேன். முன் சக்கர பிரேக்கைப் பெரிதாக்கச் சொன்னது நான்தான். அவர் அதற்கு ஒரு சொல்லும் மறுக்கவில்லை.

இப்போது உல்லாசப் பயணிகளை அவரே தன் ஜீப்பில் ஓட்டிக் கூட்டிப் போகிறார். தார் ரோட்டில் ஏறி, மேலே நின்று படமெடுத்து, அதே ரோட்டால் திரும்புகிற ஓட்டம் அது. கல் பாதைக்கு அப்பாலுள்ள கிராமங்கள் என்னுடையவை. முன்பு மிளகுக்கும் பயணிகளுக்கும் ஒரே ஜீப்பின் நாட்களைப் பங்கு போட வேண்டியிருந்தது. இப்போது அந்த நெருக்கடி இல்லை. மேலே போகும்போது சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்புவோம். அவர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து தேத்தண்ணீருக்குச் சொல்லி வைத்திருப்பார். நான் போய்ச் சேர்வதற்குள் அது ஆறிப்போயிருக்கும். எனக்கு ஆறிய தேத்தண்ணீர் பிடிக்கும் என்று சொல்லிக் குடித்துவிடுவேன்.

இந்தக் கதை அங்குமிங்கும் பரவியதில் ஆட்கள் என்னிடம் யோசனை கேட்டு வரத் தொடங்கினார்கள். சென்ற மாதம் தென்னந்தோட்டக்காரர் ஒருவர் தன் பழைய ஜீப்போடு வந்தார். கழற்றிப் பார்த்தாயிற்று, வார்ப்பிலே நீளமாக வெடிப்பு, ஒட்டிப் பார்த்தும் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது என்றார். ஓட்டம் முழுவதும் சமதரையில். பழைய இஞ்சினைக் காப்பாற்ற நான் வழி சொல்வேன் என்று நம்பி வந்திருந்தார், பாவம்.

"அத எடுத்துப் போட்டுட்டு வேற இஞ்சின் வைங்க," என்றேன். "யோசிக்கவே வேணாம்."

அவர் கொஞ்சம் திகைத்துப் போனார். பக்கத்தில் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, எந்த இஞ்சின் பொருந்தும், எங்கே கிடைக்கும், கியர்பொக்ஸை என்ன செய்வது என்று அவருக்கு விளக்கத் தொடங்கினார். அதில் அண்ணனைவிடத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இல்லை. நான் அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு மிளகு காயப்போடப் போனேன்.