ஸ்டெல்லா வீட்டுக் கரடு

போன வாரம் ஓசூர் சந்தையில் தக்காளிக்காரம்மா என்னை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். ராயக்கோட்டைத் தக்காளி, காம்போடு, பளபளவென்று குவிந்து கிடந்தது. நான் ஒன்றை எடுத்து வெயில் பக்கம் திருப்பி, நிழல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். "சாக்கும்மா, சாக்கு, பாத்தது போதும்! கொழம்பு வெக்கவா வந்த, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார், கன்னடமும் தமிழுமாக. அரைக் கிலோவுக்குப் போனவள் வெட்கத்தில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் இன்னும் தக்காளித் தொக்குதான் ஓடுகிறது.

இந்தப் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஒரு கம்பெனியில் இரும்பு வளையங்களுக்குத் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். நாளெல்லாம் ஒரே மாதிரி வளையங்களைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தால், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத எதையாவது பார்க்க மாட்டோமா என்று கண் ஏங்கும். அப்படித்தான் பள்ளியில் விட்ட பிரஷ்ஷை மறுபடி எடுத்தேன்.

ஜன்னல் கட்டையில் மூன்று தக்காளி, ஓர் எவர்சில்வர் டம்ளர். முதலில் பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் பூசுவேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எது ரொம்ப இருட்டோ அதை முதலில் வைப்பேன். தக்காளி மேல் மின்னும் வெள்ளைப் பொட்டு கடைசியில்தான். அதை உடனே வைக்கத் துடிக்கும் கையை அடக்குவதுதான் இதில் பாதி வேலை. நான் அடக்கிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்த் திரும்பினால் தக்காளி இரண்டாகியிருக்கும். அறைத்தோழி ஸ்டெல்லா ரசம் வைத்திருப்பாள்.

"மூணுல ஒண்ணுதானடி எடுத்தேன். படத்துல ரெண்டு இருந்தா யாரு கேக்கப் போறா?"

ஸ்டெல்லா பர்கூர்ப் பக்கத்துப் பெண். என்னோடு அதே கம்பெனியில் அதே லைனில், வேறு ஷிஃப்டில் வேலை பார்த்தவள். என் படங்களின் முதல் ரசிகையும் அவள்தான், முதல் எதிரியும் அவள்தான். ஒரு நாள் ஈரம் காயாத படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டி, நம்ம அறையில ரெண்டு சூரியனா?" என்று கேட்டாள். பார்த்தால், ஒரு தக்காளியின் நிழல் இடப்பக்கம், இன்னொன்றின் நிழல் வலப்பக்கம். எங்கள் ஜன்னல் தெற்குப் பார்த்தது. ஒரு வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட், அதனால் மாலை வெளிச்சம். மறு வாரம் இரண்டாவது ஷிஃப்ட், காலை வெளிச்சம். நான் இரண்டையும் நேர்மையாக வரைந்து வைத்திருந்தேன். "கண்ணுல என்ன தெரியுதோ அதைத்தான் வரைவேன் ஏட்டி" என்று கெத்தாகச் சொன்னேன். அந்தக் கெத்து என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அதற்கு முன் ரோஜா. பசுமைக்குடில்களில் காம்பு குட்டையென்று ஒதுக்கிய ரோஜாக்கள் பஸ் ஸ்டாண்டு ஓரம் மலிவாகக் கிடைக்கும். மொட்டாக வாங்கி வந்து உட்காருவேன். நாலாவது இதழுக்கு வருவதற்குள் முதல் இதழ் மடங்கிப் பின்னால் போயிருக்கும். சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். "பூவ வரையிறியா, பூ பின்னாடி ஓடறியா?" என்பாள் ஸ்டெல்லா. எண்ணெய் வாடை எங்கள் தயிர்ச்சோறு வரைக்கும் ஏறியிருந்தது. ஒரு நாளும் அவள் அதற்காக முகம் சுளித்ததில்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் குஜராத்தில் வேலை.

"எனக்கு மிக்ஸி, குக்கர் எதுவும் வேணாம். எங்க வீட்டுப் பின்னால கரடு இருக்குதில்ல, அத வரஞ்சு குடு. நான் திரும்பி வரங்காட்டியும் அது இருக்காது."

கரடு என்றால் அந்தப் பக்கத்தில் சின்னப் பாறைக்குன்று. அவர்கள் கரட்டில் கிரானைட் குவாரி வந்திருந்தது. கல்யாணத்துக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஞாயிறு எனக்கும் லீவு, குவாரிக்கும் லீவு. பஸ் பிடித்துப் போய் அவர்கள் மொட்டை மாடியில் உட்காருவேன். ஸ்டெல்லாவின் அம்மா சர்ச்சில் பூசை முடிந்து வந்து களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுப்பார். முடியும்வரை யாரும் பார்க்கக்கூடாது என்று படத்தை அங்கேயே துணி போட்டு மூடிவிட்டு வருவேன்.

ஒவ்வொரு ஞாயிறும் துணியை எடுத்தால், படம் கரட்டோடு கொஞ்சம் ஒத்துப்போகாது. படத்தில் உச்சி சற்று உயரமாகத் தெரியும். போன வாரம் அளவு தப்பிவிட்டது போல என்று கத்தியால் சுரண்டித் திருத்துவேன். அடுத்த வாரமும் அதே கதை. குவாரியில் உடைப்பதெல்லாம் கரட்டின் பின்பக்கம்தான் என்று எண்ணியிருந்தேன். தரம் பார்க்கிற புத்தி வேறு, மில்லிமீட்டர் விடாது. ஆறாவது ஞாயிறு ஸ்டெல்லாவால் பொறுக்க முடியவில்லை. துணியை இழுத்துவிட்டாள்.

படத்தில் வானம்தான் நிறைய இருந்தது. கீழே தட்டையாகக் கொஞ்சம் பாறை.

முதலில் சிரித்தாள். அப்புறம் அப்படியே மாடியில் உட்கார்ந்து அழுதாள். "அவனுங்க அங்க ஒடைக்கிறானுங்க, நீ இங்க ஒடைக்கிறியேடி!"

அவமானம் என்றால் என்ன என்று அன்று தெரிந்தது. பழைய போட்டோ தேடினோம். எல்லாப் போட்டோவிலும் கரட்டை மறைத்துக்கொண்டு யாராவது மாலையோடு நின்றார்கள். சரி, வாயால் சொல்லுங்கள், வரைகிறேன் என்றேன். ஸ்டெல்லா உச்சி நடுவில் என்றாள். அவள் அப்பா, ரெண்டு உச்சி என்றார். அம்மா விடவில்லை. "ரெண்டு எங்க இருந்துச்சு? கூர் அந்தாண்ட, இச்சி மரத்துக்கு நேரா." கல்யாணச் சமையல் பேச வந்தவர் காத்திருக்க, மூன்று பேரும் கரட்டுக்குச் சண்டை போட்டார்கள். எட்டாவது ஞாயிறு ஸ்டெல்லா என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பில் வளைவைப் போட்டாள். அந்தக் கோட்டில் நான் கை வைக்கவில்லை. அதற்குக் கீழே பாறையை நிரப்பிக் கொடுத்தேன்.

இப்போது அந்த மொட்டை மாடியில் நின்றால் கம்பிவேலி தெரிகிறது, வேலிக்குள் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே போவதும், ஸ்டெல்லா குஜராத்திலிருந்து வீடியோவில் வந்து, அங்கே சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் பக்கம் போனைத் திருப்புவதும் வழக்கம். அவள் அம்மா வருஷம் தவறாமல் என்னோடு சண்டைக்கு நிற்பார்: "கூர் அந்தாண்ட இருக்கணும். தப்பா வரஞ்சிட்ட."

போன கிறிஸ்துமஸுக்கும் திருப்பினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா, அச்சு அசலா இப்படியேதான் இருந்துச்சு" என்றார்.

கூர் எங்கே இருந்தது என்று அம்மாவைக் கேட்டேன். போனில், ஸ்டெல்லா இழுத்த வளைவின் நடுவைத் தொட்டுக் காட்டினார்.