சிவானந்தத்தின் காலும் புஷ்பாவின் குதிகாலும்

ஜெராம் ஊரை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில் சிவானந்தத்தின் வலது காலைப் பார்க்காதவர்கள் கிடையாது. செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுக் கொல்லையில் வெறுங்காலோடு திரிந்தபோது ஒரு முள் குத்தியது. உடம்பில் இருந்த சர்க்கரை அந்த முள்ளின் பக்கம் சேர்ந்துகொண்டது. கடைசியில் மருத்துவமனையில் ஒரு விரலை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். அன்று முதல் அந்தக் கால் கூடத்தில், பூப்போட்ட உறை மாட்டிய தலையணையின் மேல், தொலைக்காட்சியைப் பார்த்தபடி வீற்றிருந்தது.

பழைய தோட்டத்து லயத்தில் அக்கம்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சர்க்கரை நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்பதால் மறக்காமல் ஆரஞ்சுப் பழமும் மைலோ பாக்கெட்டும் வாங்கி வந்தார்கள். காலில் போட்ட கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். இதே மாதிரி ஆரம்பித்து முழங்கால் வரை போன யாரோ ஒருவரின் கதையைச் சொல்லித் தைரியம் கொடுத்தார்கள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

"புஷ்பா, ஒன்னும் செய்யாதே லா. சும்மா தேத்தண்ணி மட்டும் கலக்கு, போதும்."

புஷ்பா கலக்கினாள். சிவானந்தத்தின் மனைவி அவள். சிறுவயதில் தோட்டத்து நர்சரியில் குனிந்து நின்று பைகளில் மண் நிரப்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு சுங்கை செம்பிலாங்கில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் நின்று பாத்திரம் கழுவினாள். கணவரின் கால் வீட்டுக்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நின்றாள். அவளுடைய வாழ்க்கையை 'நின்றாள்' என்ற ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடலாம்.

இத்தனை நின்றதற்கு அவளுடைய இடது குதிகால் ஒரு நாள் பதில் சொன்னது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது ஆணியின் மேல் கால் வைத்தது போல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஒரே ஒரு தடவை கணவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"குதிகால் ரொம்ப வலிக்குதுங்க."

"எனக்கு இல்லாத விரலே வலிக்குது. நீ வேற," என்றார் சிவானந்தம்.

இல்லாத விரலோடு போட்டி போட முடியுமா? புஷ்பா நொண்டியபடி அடுப்படிக்குப் போனாள்.

கண்டுபிடித்தது கிளினிக்கில் கட்டு மாற்றும் நர்ஸ், மிஸ்ஸி மாதவிதான். "ஏன்மா கொக்கு மாதிரி ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க?" என்று கேட்டு, கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனாள். இளவயது டாக்டர் குதிகாலின் ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். புஷ்பா போட்ட அலறல் வெளியே சக்கர நாற்காலியில் இருந்த சிவானந்தத்துக்குக் கேட்டது.

"என்னாச்சு? என் காலைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?" என்று பதறினார் அவர்.

பாதத்தின் அடியில் இருக்கும் தசைநார் புண்ணாகிவிட்டது என்றார் டாக்டர். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போட்டுத்தான் நடக்க வேண்டும். வெறுங்காலோடு நெடுந்தூரம் நடந்து அது கிழிந்துவிட்டால் மாதக்கணக்கில் படுக்கைதான். புஷ்பாவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. 'நான் படுத்துட்டா இவரை யாரு தூக்கி உட்கார வைப்பா' என்பதிலேயே மனம் நின்றுவிட்டது.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நீல நிறத்தில், பஞ்சு போன்ற சிலிப்பர் ஒரு ஜோடி வாங்கினாள். கடைக்காரி ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று சிவப்பு ஜோடி ஒன்றையும் பையில் போட்டாள். மறுநாள் நீலத்தை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நடந்து பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தரை அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது.

அந்த மரியாதை மதியச் சாப்பாடு வரைதான். பிறகு வேலம்மா வந்தாள்.

வேலம்மா சிவானந்தத்தின் அக்கா. அடுத்த வரிசையில் வீடு. தம்பியின் காலை விசாரிக்கத் தினமும் வருவாள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாடி இது? வீட்டுக்குள்ள சிலிப்பரா? அடுப்படியில சாமி மேடை இருக்குடி!"

"டாக்டர் போடச் சொன்னாரு அண்ணி."

"நம்ம வம்சத்துல எவளாவது வீட்டுக்குள்ள செருப்புப் போட்டிருக்காளா?"

சிவானந்தத்தின் காலில் கிளினிக் கொடுத்த பட்டை வைத்த செருப்பு இருந்தது. அதோடுதான் அவர் கூடத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் போய் வந்தார். புஷ்பாவின் கண் அதன் மேல் போவதை வேலம்மா பார்த்துவிட்டாள்.

"தம்பிக்கு நோயி. அது ஆத்தாளுக்குத் தெரியும். உனக்கு என்னா? உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போயிருக்கும். நாலு எட்டு நடந்தா சரியாப் போயிரும்."

நீலச் சிலிப்பர் கதவுக்குப் பின்னால் சிவப்பின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆடி மாதம் நெருங்கியபோது சிவானந்தத்தின் புண் ஆறிவிட்டது. மிஸ்ஸி மாதவி கடைசிக் கட்டைப் பிரித்துவிட்டுப் புஷ்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வீட்டில் வேலம்மா கற்பூரம் கொளுத்தினாள். பிறகு செய்தியைச் சொன்னாள்.

"ஆத்தா கிட்ட நான் அப்பவே வேண்டிக்கிட்டேன். தம்பி புண்ணு ஆறினா, ஆத்தங்கரையில இருந்து கோயில் வரைக்கும் புஷ்பா வெறுங்காலோட பால்குடம் எடுப்பான்னு."

வேண்டிக்கொள்வதில் வேலம்மா கஞ்சத்தனமே பார்க்க மாட்டாள். எல்லாம் அடுத்தவர் உடம்பில் நடப்பதுதானே. புஷ்பாவின் மகன் விமலனுக்கு ரவாங்கில் வேலை கிடைத்தபோது அத்தையின் வேண்டுதல்படி அவனுக்கு மொட்டை. இன்றைக்கும் அவனுடைய கம்பெனி அடையாள அட்டையில் இருப்பது அந்தத் தலைதான்.

"என் கால் இருக்கிற நிலைமைக்கு…" என்று ஆரம்பித்தாள் புஷ்பா.

"டாக்டர் பெருசா, ஆத்தா பெருசா?"

புஷ்பா கணவரைப் பார்த்தாள். அவர் ஆறிய காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு நாள்தானே புஷ்பா. ஆத்தா பார்த்துக்குவா," என்றார்.

ஆத்தங்கரையிலிருந்து கோயிலுக்கு வரும் வழி முழுக்கத் தார்ச்சாலை. புஷ்பா அன்று தரையைத் துடைத்துக்கொண்டே அந்தச் சாலையை மனதுக்குள் நடந்து பார்த்தாள். பாதி வழியில் விழுந்தாள். பிறகு படுக்கையில் கிடந்தாள். கணவர் கூடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேலம்மா தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டினார்கள். பால்குடம் எடுப்பவர்கள் வரிசையில் நின்று கையை நீட்ட, பூசாரி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டுவார். கட்டிவிட்டால் திருவிழா முடியும் வரை அவிழ்க்கக் கூடாது. கட்டியவர் குடத்தைத் தூக்கியே ஆக வேண்டும். பூசாரியின் பெயர் ஐயாவு. அவர் முன்னால் அன்று நீளமான வரிசை, வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை, கயிறு, முடிச்சு, அடுத்த கை.

புஷ்பா சிவானந்தத்தின் சக்கர நாற்காலியைத் தள்ளியபடி வரிசையில் நகர்ந்தாள். அவள் நழுவிவிடாமல் இருக்க வேலம்மா பக்கத்திலேயே வந்தாள்.

"கையை நீட்டுமா," என்றார் ஐயாவு.

புஷ்பா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வேலம்மாவின் மணிக்கட்டை மெல்லப் பிடித்து முன்னால் நீட்டினாள்.

"வேண்டிக்கிட்டது எங்க அண்ணிதான் சாமி. அவங்களுக்குக் கட்டுங்க."

"ஏய், ஏய், நான் இல்லை…" என்று வேலம்மா சொல்லி முடிப்பதற்குள் ஐயாவு முடிச்சுப் போட்டுவிட்டார்.

"சாமி, எனக்கு முட்டி வலி! ரெண்டு முட்டியும்!"

இது எங்கள் தாமானில் யாருக்கும் தெரியாத செய்தி.

"ஆத்தா பார்த்துக்குவா," என்றார் ஐயாவு. "அடுத்த ஆளு வாங்க."

சிவானந்தம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சக்கர நாற்காலி நகர ஆரம்பித்துவிட்டது.

"என் காலுக்கும் சேர்த்து வேண்டிக்குங்க அண்ணி," என்று புஷ்பா போகிற போக்கில் சொன்னாள். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

திருவிழா அன்று வெயில் தன் பங்கைக் குறையில்லாமல் செலுத்தியது. தண்ணீர் தெளிக்கும் லோரி முன்னால் போனது. அதன் ஈரம் பின்னால் வருகிறவர்கள் கால் வைப்பதற்குள் காய்ந்தது. விஷயம் தெரிந்தவர்கள் தார் சுடாத இடமாகப் பார்த்து, சாலையோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் அடியெடுத்து வைத்தார்கள். வேலம்மா தலையில் குடத்தோடு அந்தக் கோட்டை விட்டு விலகவே இல்லை. யாராவது குறுக்கே வந்தால் "ஆத்தா!" என்று கத்தினாள். அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கும்பிட்டு வழிவிட்டது. சிவானந்தத்தை விமலன் தள்ளிக்கொண்டு போனான். புஷ்பா வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, காலியாக இருந்த பூப்போட்ட தலையணையின் மேல் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தார்கள். வேலம்மா பாதத்தின் ஓரங்களால் நடந்து வந்தாள். உள்ளங்காலில் கொப்புளம். வழவழவென்ற தரையில் ஒரு காலை வைத்ததும் "ஐயோ" என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

புஷ்பா எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து சிவப்புச் சிலிப்பரை எடுத்து அவள் முன்னால் போட்டாள்.

வேலம்மா சிலிப்பரைப் பார்த்தாள். அடுப்படியில் இருந்த சாமி மேடையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டிருந்தார். கொப்புளத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கால்களை உள்ளே நுழைத்தாள்.

"மெத்துன்னு இருக்குடி," என்றாள், யாரோ ஏமாற்றிவிட்டது போல.

பிறகு கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, பூப்போட்ட தலையணையைத் தன் பக்கம் இழுத்துக் காலை ஏற்றினாள். அடுத்த வாரம் முழுக்க ஆரஞ்சுப் பழம் எந்தக் காலுக்கு வரப்போகிறது என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"புஷ்பா, ஒன்னும் செய்யாதே. சும்மா தேத்தண்ணி மட்டும் கலக்கு."

புஷ்பா நீலச் சிலிப்பரை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சரக் சரக்கென்ற சத்தம் சாமி மேடையைத் தாண்டி அடுப்பு வரை போனது. கூடத்தில் வேலம்மா சத்தம் வந்த பக்கம் பார்த்துவிட்டு, சிவப்புச் சிலிப்பர் போட்ட காலைத் தலையணையில் இன்னும் வசதியாக ஏற்றிக்கொண்டாள்.