படத்துக்குக் கீழே கொஞ்சம் இடம்

மெக்கானிக்குகள் அவளை ‘ஸ்பேர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் உதிரி பாகங்கள் விற்கும் கடையை அவளும் கணவரும் நடத்தினார்கள். சந்துக்குள் இருந்தாலும் ஒரு காலத்தில் கூட்டம் மொய்க்கும். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு பெரிய கடை வந்தபின், இருவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. ஒரு பெல்ட்டுக்காக ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் ‘இல்லை’ என்று கேட்டுத் திரும்புவதுதான் மெக்கானிக்குகளுக்குப் பெரிய எரிச்சல் என்று அவளுக்குத் தெரியும். வாஷிங் மெஷின் சாமான்கள் ஒவ்வொன்றையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அதற்கென்று ஒரு மென்பொருள் வாங்கி, கடையில் இருப்பதை அவர்கள் போனிலேயே பார்க்கும்படி செய்தாள்.

கணவருக்கு அது பிடிக்கவில்லை.

“நம்மகிட்ட என்ன இருக்கு, என்ன இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே?”

“தெரியட்டுங்க. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே தேடி வருவாங்க?”

வந்தார்கள். சந்தில் மறுபடி வண்டி நிறுத்த இடமில்லை. ஆனால் பெரிய கடைக்காரரும் அதே மென்பொருளை வாங்கி, இன்னும் பளபளப்பாகப் போட்டுவிட்டார். அக்கா அதைப் போனில் திறந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் முந்தி ஓட முடியும்?

அந்தச் சமயத்தில் எப்போதும் தொப்பியோடு திரியும் ஒரு மெக்கானிக் போன் செய்தார். ஒரு பழைய மாடலுக்கு வேறு கம்பெனி பம்ப் பொருந்துகிறதாம். படத்துக்குக் கீழே எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவுமே என்றார். அக்காவுக்குப் பொறி தட்டியது. அவர்களே எழுதட்டும் என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இடம் திறந்துவிட்டாள். மெக்கானிக்குகள் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினார். நடுவில் கிண்டலுக்கும் குறைவில்லை.

ஒரு காலையில் தொப்பிக்காரர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து அழைத்தார். பெரிய மெஷின் நின்றுவிட்டது. துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதற்கான வால்வு இல்லை என்று பெரிய கடை கையை விரித்துவிட்டது. அக்கா தேடினாள். அவளிடமும் இல்லை. ஆனால் வேறொரு வால்வின் படத்துக்குக் கீழே, அவள் முகம்கூடப் பார்த்திராத ஒரு மெக்கானிக் எழுதியிருந்தார்: ‘பெரிய மெஷினுக்கும் இது சேரும். வாஷர் மட்டும் ரெண்டா போடுங்க.’

“அங்கயே இருங்க, நானே கொண்டு வரேன்,” என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

வால்வை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் சீறிக்கொண்டு ஏறியது. டிரம் ஒரு முனகல் முனகிவிட்டுச் சுழன்றது. சலவைக்கூடமே கைதட்டியது. இனி எல்லா மெஷினுக்கும் உங்களிடம்தான் வாங்குவோம் என்று மேலாளர் அங்கேயே சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது அக்காவின் கால் தரையில் பாவவில்லை. நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கணவரிடம் கொட்டினாள்.

“கம்ப்யூட்டர் அவங்களும் வாங்கிட்டாங்க. எழுதுற ஆளுங்கள எங்க போய் வாங்குவாங்க?”

அவர் ஏணியை இழுத்துப் போட்டு, மேல் தட்டில் படம் பிடிக்காமல் கிடந்த ஃப்ரிட்ஜ் சாமான்களை இறக்க ஆரம்பித்தார். ஒரு பெட்டியின் தூசியை ஊதிவிட்டுக் கேட்டார்:

“இத எந்தப் பக்கம் திருப்பி வச்சு எடுக்கணும்?”