‘ஆம்’ என்று டிக் போட வைத்தவர்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சென்ற முறை நான் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னபோது உங்களில் பாதிப் பேர் அழுதீர்கள். இந்த முறை கொஞ்சம் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பழைய சாட்சியால் வந்த வினையில்தான் இந்தப் புதிய சாட்சி தொடங்குகிறது.

என் கணவர் ஜெயராஜை உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்து, எல்லாரும் பாட்டை முடித்த பிறகும் ஒரு வரி தனியாகப் பாடிக்கொண்டிருப்பவர். கிண்டி எஸ்டேட்டில் விமான உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தார். மெஷினில் இருந்து வருகிற ஒவ்வொரு பீஸையும் அளந்து, சரியாக இருந்தால் அனுப்புவது அவர் வேலை. சில வருடங்களுக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் இருந்த அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு அடைப்பும் இருக்கிறது, அதற்கு இப்போதைக்கு மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னார். இதைத்தான் நான் சபையில் “பூரண சுகம்” என்று சாட்சி சொன்னேன்.

அன்று முதல் சபையில் இருந்து யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அவருடைய மாத்திரை டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிவிடுவேன். பூரண சுகம் பெற்றவர் வீட்டில் மாத்திரைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டுவிடக் கூடாது அல்லவா?

இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் கம்பெனியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். மார்ச் கடைசியோடு ரிட்டயர்மென்ட். கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடும் அன்றோடு முடிகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான். அந்த இரண்டாவது அடைப்பு ஒருநாள் தலையெடுத்தால் எந்த ஆஸ்பத்திரி எங்களை உள்ளே விடும்?

தனியாக ஒரு பாலிசி எடுத்தே ஆக வேண்டும். எடுப்பது என்ன லேசா? தி.நகர், அசோக் நகர் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். ஓர் இடத்தில் ஸ்டென்ட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டாள். “சாரி ஆன்ட்டி” என்றாள். இன்னோர் இடத்தில் பாலிசி தருகிறோம், ஆனால் இதய நோய்க்கு மூன்று வருடம் பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் பொறுத்திருப்போம், இதயம் பொறுத்திருக்குமா? போனில் ஒருமுறை விசாரித்த பாவத்துக்குக் காலையில் ஜெபத்தில் உட்கார்ந்தாலும் யாராவது கூப்பிட்டு அறை வாடகை, வெயிட்டிங் பீரியட் என்று பாடம் நடத்தினார்கள். எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் நான் ஒரு காரியம் செய்தேன். கம்பெனிகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சுருட்டி, ஜெப மேசையில் வைத்து, “ஆண்டவரே, நீரே எடுத்துக் கொடும்” என்று கண்ணை மூடி ஒரு சீட்டு எடுத்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னா எஸ்தர், பாலிசி எடுக்கிறியா, குலுக்கல்ல குக்கர் எடுக்கிறியா?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சீட்டில் வந்தது நம் சபைக்கு வருகிற தேவதாஸ் பிரதர் ஏஜென்ட்டாக இருக்கும் கம்பெனி. இதைவிட என்ன அடையாளம் வேண்டும் என்று அன்று மாலையே அவரை வரவழைத்தேன். வழக்கம்போல டப்பா அரிசி டிரம்முக்குள் போனது.

பிரதர் விண்ணப்பத்தை விரித்தார். இதய நோய் உண்டா, சிகிச்சை எடுத்தது உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

“எல்லாத்துக்கும் ‘இல்லை’ போட்டுடலாம் சிஸ்டர். கர்த்தர் பூரண சுகம் குடுத்துட்டாருன்னு நீங்களே சாட்சி சொன்னீங்களே. இப்ப ‘ஆம்’னு போட்டா அது அவிசுவாசம் இல்லியா?” என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. பேனாவை என் கணவர் கையில் கொடுத்தேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை.

“பிரதர், எங்க கம்பெனில ஒரு பீஸுல கீறல் இருந்தா சிவப்பு டேக் கட்டுவோம். அந்தப் பீஸைத் தூக்கி எறியணும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. இதுல இன்னா கீது, எங்க கீதுன்னு அடுத்தவனுக்குத் தெரியணும். கீறலை மறைச்சு அனுப்பினா மேல ஆளு பறக்குறான். நான் இத்தினி வருஷம் டேக் கட்டினவன். என் நெஞ்சுக்கு மட்டும் கட்டாம வுட்டுருவனா?”

“அப்ப கர்த்தர் உங்களைச் சுகமாக்கலியா?” என்று நான் சத்தம் போட்டேன். பிரதர் முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது.

“சுகமாக்கினாரு. அதுக்காக ஸ்டென்ட்டு கரைஞ்சா பூடுச்சு? உள்ளதான கீது?” என்று சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனார்.

பிரதர் பிறகு வருகிறேன் என்று கிளம்பினார். நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் அவை. உபவாசம் வேறு. “ஆண்டவரே, உண்மையை எழுதினால் கதவை மூடுகிறார்கள். பொய்யை எழுத இவர் கை வரமாட்டேன் என்கிறது. எனக்கு இந்த மனுஷன் வேண்டும். வழி தெரிந்த யாரையாவது அனுப்பும்” என்று ஜெபித்தேன். மனதுக்குள் பாஸ்டர் ஐயாவைத்தான் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. வாசலில் மயிலாப்பூர் பஷீர் பாய், கையில் நோன்புக் கஞ்சித் தூக்கு. இவரோடு ஒரே பெஞ்சில் வேலை செய்து போன வருடம் ரிட்டயர் ஆனவர். ரம்ஜான் மாதத்தில் ஒருநாள் எங்களுக்குக் கஞ்சி கொண்டுவருவது அவர் வழக்கம். மேசையில் கிடந்த காகிதங்களைப் பார்த்ததும் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னாத்துக்கு ஜெயா புதுசா பாலிசி தேடிக்கினு கீறே? கம்பெனி பாலிசியவே நம்ம பேருக்கு மாத்திக்கலாம்பா. நான் அப்டித்தான் மாத்துனேன். எனக்கு சுகர் கீதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தாங்க. இத்தினி வருஷம் அதுல இருந்தோம்ல, அந்த வருஷத்தையும் சேத்துக்குவாங்க. ஆனா கவர் முடியறதுக்குள்ள எழுதிக் குடுத்துடணும். தங்கச்சி, நாளைக்கே போங்கம்மா.”

நான் தூக்கை வாங்கி மேசைமேல் வைத்தேன். நான் கேட்டது வழி தெரிந்த ஓர் ஆள். கர்த்தர் அனுப்பியது தூக்கில் கஞ்சியோடு ஒரு பாய். அவர் யாரை அனுப்ப வேண்டும் என்று நான் யார் சொல்ல?

மறுநாளே, கம்பெனிக்குப் பாலிசி கொடுத்திருந்த ஆழ்வார்பேட்டை இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனோம். இதய நோய் உண்டா என்ற இடத்தில் என் கணவர் ‘ஆம்’ கட்டத்தில் அழுத்தி டிக் போட்டார். ஸ்டென்ட், இரண்டாவது அடைப்பு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். அங்கிருந்த அதிகாரி பழைய சிகிச்சையின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். “எல்லாமே எங்ககிட்ட இருக்கு சார். உள்ளதை உள்ளபடி சொன்னதால பிரச்சினை இல்ல. வேற எங்கயாவது மறைச்சு எடுத்திருந்தா, பின்னாடி தெரியவரும்போது க்ளெய்மே நின்னு போயிருக்கும்” என்றார். எனக்கு தேவதாஸ் பிரதர் சொன்ன ‘இல்லை’ கட்டம் நினைவுக்கு வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் பாலிசி கைக்கு வந்தது. கம்பெனியில் இருந்த வருடங்களைச் சேர்த்துக்கொண்டதால் காத்திருக்க வேண்டியதே இல்லை.

ஜூலையில் பாண்டி பஜாரில் குடை வாங்கிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் குடையை விரித்துக் காட்டும்போது இவர் என் தோளைப் பிடித்தார். முகமெல்லாம் வியர்வை. ஆட்டோ பிடித்து அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த இரண்டாவது அடைப்புதான். உள்ளே அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் ஒரு பெண் என்னைக் கேட்டாள். “இந்தப் பிரச்சினை முன்னாடியே இருந்ததாம்மா? பாலிசி எடுக்கும்போது சொன்னீங்களா?”

“சொன்னோம்மா. எல்லாத்தையும் சொன்னோம்.”

என் வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் அந்தக் கவுன்ட்டர் முன்னால் என் நிலைமை என்ன? சிகிச்சைக்கு அனுமதி வந்தது. இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, “குடை வாங்கினியா?” நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம்!

போன மாதம் எங்கள் வீட்டில் வீட்டு ஜெபக்கூட்டம் நடந்தது. காலிங் பெல் அடித்ததும் பழக்கதோஷத்தில் என் கை மாத்திரை டப்பாவுக்குப் போனது. பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன், சாப்பாட்டு மேசைமேல், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. ஜெபம் முடிந்ததும் இவர் எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறந்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு சிஸ்டர் மெதுவாகக் கைப்பையைத் திறந்து, “எனக்கும் கொஞ்சம் தண்ணி குடுங்க, சுகர் மாத்திரை” என்றார். பக்கத்தில் இருந்தவர் தைராய்டு மாத்திரையை எடுத்தார். கடைசியாக தேவதாஸ் பிரதர் சட்டைப் பையில் இருந்து ஒரு மாத்திரைப் பட்டையை உருவினார். “பிபி, சிஸ்டர். ரொம்ப நாளா கீது” என்றார். நான் சமையலறைக்குப் போய் டம்ளர்களை எடுத்துவந்தேன்.

பிரியமானவர்களே, என் கணவருக்கு இதய நோய் இருக்கிறது. இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. அவரை என்னோடு வைத்திருக்கிற ஒரு தேவனும் இருக்கிறார். இதுதான் என் சாட்சி, இந்த முறை ஒன்றையும் விடவில்லை. உங்கள் வீட்டிலும் ஏதாவது அரிசி டிரம்முக்குள் இருந்தால் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஜெபியுங்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.