தணிகாசலம் வீட்டு ஸ்டெபிலைசர்

கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் பழைய கம்பெனி ஃபோர்மன் சைக்கிளை நிறுத்தி, "உங்காளு தணிகாசலம் போயிட்டாருங்க" என்றார். அவரை என் ஆள் என்று யாரும் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

உங்களில் பலருக்கு எங்கள் பகை தெரியும். திருவண்ணாமலையில் அந்தச் சிறிய ஸ்டெபிலைசர் கம்பெனியில் நாங்கள் இருவரும் வடிவமைப்பாளர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. யார் வடிவமைத்த ஸ்டெபிலைசர் பெட்டி தேறுகிறதோ அவரே பிரிவுக்குத் தலைவர் என்றார் முதலாளி. என் பெட்டியில் மின்சாரம் வந்ததும் சிவப்பு விளக்கு எரியும். ஸ்விட்சைக் கீழே தள்ளினால் ஓடும். நம் வீட்டுச் சுவர் ஸ்விட்சுகளும் அப்படித்தான்.

"நாம சொன்னா ஆச்சா? அவங்க கை சொல்லட்டும்" என்று இரண்டு பெட்டிகளையும் செங்கம் சாலை டீக்கடைக்குக் கொண்டுபோனார் தணிகாசலம். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் காலையில் கூடும் இடம் அது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மேசை விசிறியை மாட்டினார். ஓட விடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஓர் அமெரிக்கப் பெண் என் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆபத்து என்று பிளக்கைப் பிடுங்கினாள். நான் விளக்க வாயெடுத்தேன்.

"கம்முனு இருப்பா. பொட்டியோட நீயும் கப்பல்ல போவப் போறியா?" என்றார் தணிகாசலம்.

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அடுத்து வந்த ஜெர்மானியரும் சிவப்பைத் தாண்டவில்லை. தணிகாசலத்தின் பச்சை விளக்குப் பெட்டியை எல்லோரும் ஓட்டினார்கள். கம்பெனி மூடும்வரை அவருக்குக் கீழேதான் இருந்தேன். டீ குடிக்க வந்த நாலு பேர் என் படிப்புக்கு மதிப்பெண் போட்டதை இன்றும் நான் ஏற்கவில்லை.

துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனபோது கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு மேலே என் பெட்டி இருந்தது.

"உங்க பொட்டிதாங்க" என்றார் அவர் மனைவி. "வெளிநாட்டுக்குத்தான் பச்சை, நம்ம ஊருக்கு இதான் சரினு எடுத்தாந்தாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

"இல்லீங்க."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே.

கரண்ட் வந்தது. சிவப்பு எரிந்தது. அவர்கள் மருமகள் எழுந்துபோய், யாரையும் கேட்காமல், ஸ்விட்சைக் கீழே தள்ளினாள். அதுவரை நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் பழக்கம் ஒன்றுதான்.