சாரலில் வெட்டிய கொடி

மதுரை டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என் மகனைப் பார்த்துத்தான் சொன்னார். ஈரலில் வந்த கட்டி பரவிவிட்டது, இனி அறுக்க முடியாது, வலி தெரியாமல் இருக்க மாத்திரை தருகிறேன், வீட்டில் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனை நாள் என்று மகன் கேட்கவில்லை. நான் கேட்டேன். "சில மாதங்கள், ஐயா" என்றார். சில என்றால் எத்தனை என்று திருப்பிக் கேட்கத் தெம்பில்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வாழ்நாளில் ஒருவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டு நான் எழுந்தது அன்றைக்கு மட்டும்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அடுத்தவர் தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து வெட்டும் கூலியாக ஆரம்பித்தேன். இன்றைக்குக் கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், என் பெயரில் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. கல்தூண் ஒவ்வொன்றும் நான் நின்று ஊன்றியது, பந்தலில் ஓடுகிற கம்பி நான் இழுத்துக் கட்டியது. கொடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து இதில் இத்தனை கிலோ தேறும் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இனிமேல் எதற்கு மறைக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று. எங்கள் திராட்சை மாமரம் மாதிரி தன் இஷ்டத்துக்குக் காய்ப்பதில்லை. தண்ணீரை நிறுத்தி, கொடியைக் கொஞ்ச காலம் தூங்கப் போட்டு, பிறகு குச்சியை அளவாக வெட்டினால்தான் துளிர்க்கும், பூக்கும். வெட்டியதிலிருந்து நாலு மாதத்தில் பழம். எனவே வெட்டுகிற நாளைக் குறிக்கிறவனே பழம் தின்கிற நாளையும் குறித்துவிடுகிறான்.

மதுரையிலிருந்து திரும்பியது ஆனி பிறந்த சமயம். தோட்டம் தூக்கத்தில் இருந்தது. மறுநாள் மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி சொன்னேன்: "ஏலே, ஆளுகளுக்குச் சொல்லிவிடு. இந்த வாரமே கவாத்து வெட்டிருவோம்."

மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சாரல் ஓயட்டும்ப்பா. இப்ப வெட்டுனா ஆடிச் சாரல்ல பூ எடுக்கும். பூவெல்லாம் அழுகிக் கொட்டிரும், தோட்டம் பூராம் நோய் ஏறிரும். ஆவணில வெட்டுவோம். மார்கழில..."

அங்கே நிறுத்திவிட்டான். அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் அதை அணைத்தாள். என் பெண்டாட்டி ரசக் கரண்டியை எடுத்தவள் ஊற்றாமல் அப்படியே பிடித்திருந்தாள். மார்கழியில் நான் இருக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

அவன் சொன்னதில் தப்பே கிடையாது. வேறு எவனாவது ஆனியில் வெட்டியிருந்தால் நானே வரப்பில் நின்று சிரித்திருப்பேன். ஆனாலும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. என் கொடியில் பழுத்ததை, வெயில் சூடு ஆறாமல், நானே பறித்து இன்னொரு தரம் வாயில் போட வேண்டும். பன்னீர்த் திராட்சையை வாயில் உடைத்தால் மூக்கில் ஒரு வாசம் ஏறும். அது ஒன்றுதான். பெரிய ஆசை இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் அதற்காக ஒரு தோட்டத்தையே கேட்கிறேன் என்பதும் தெரிந்திருந்தது.

"என் தோட்டத்துல எப்ப வெட்டணும்னு எனக்குத் தெரியும்லே" என்றேன்.

"தோட்டம் உங்களுதுதாம்ப்பா. சாரலுக்கு அது தெரியாதுல்ல" என்றான்.

கோபத்தில் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனே வந்து கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டான். கோபப்பட்டுக்கொண்டே ஒருவன் தோளைப் பிடித்து நடப்பது அலுப்பான காரியம்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில் என் பெண்டாட்டி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மோட்டார் ரூம் ஓரத்துல நிக்கிற கொடிய மட்டும் வெட்டச் சொல்லட்டா?"

"ஒத்தக் கொடிய எவன்டி வெட்டுவான்? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சா பல்லுதான தெரியும்."

எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை பெரிய தோட்டத்தை உண்டாக்கியவனுக்கு ஒரு கொடி. பந்தி முடிந்தபிறகு கொல்லையில் வைக்கிற இலை மாதிரி இருந்தது. ஆனால் அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தாள். காப்பி ஆறிப்போனது. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் படுத்துக்கொண்டேன்.

மகன்தான் வெட்டினான். எனக்குத் தோட்டத்தில் நைலான் கட்டில் போட்டிருந்தார்கள். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியதை நான் படுத்தபடி பார்த்தேன். அடுத்த சிக்கல் தண்ணீர். வழக்கம்போலச் சொட்டுநீரைத் திறந்தால் பக்கத்துக் கொடிகளும் முழித்துக்கொள்ளும். வெட்டாமலே துளிர்த்து, அவற்றின் பலமெல்லாம் வீணாய்ப் போகும். அதனால் அந்தக் கொடிக்கு மட்டும் அவன் குடத்தில் தண்ணீர் சுமந்தான். தினமும் காலையில், பிள்ளைக்குப் பால் புகட்டுவது போல, தூரைச் சுற்றிச் சரித்துச் சரித்து ஊற்றுவான். ஊற்றிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான்.

ஆடியில் சாரல் இறங்கியது. பூவைக் காப்பாற்ற மேலே பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள், காற்று அதைக் கோம்பைப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அப்புறம் என் பெண்டாட்டி பழைய நைலக்ஸ் சேலைகளைக் கொண்டுவந்தாள். மேலே ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று கட்டி, அதற்குள் கொடி நின்றது. பக்கத்துத் தோட்டம் என் மச்சினனுடையது, அவளுடைய தம்பி. வேலியோரம் வந்து நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.

"என்ன மச்சான், கொடி வயசுக்கு வந்துருச்சா? சேல கட்டி குச்சுல ஒக்கார வச்சிருக்கீக."

"ஆமாடா மாப்ள. தாய்மாமன் நீதான், சீரு எங்க?"

"சீருக்கென்ன, தண்ணி ஊத்துறதுக்கு ஒங்க மகனே கெடக்கான். நான் சாப்பாட்டுக்கு வந்துர்றேன்."

சிரித்தேன். சிரித்ததில் விலா வலித்தது. அவன் போன பிறகு அரை மணி நேரம் மூச்சு வாங்கியது. இப்போதெல்லாம் சிரிப்பையும் பார்த்துத்தான் செலவு பண்ண வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. கட்டிலில் படுத்திருப்பேன், என் பெண்டாட்டி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே ஜெயமங்கலத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சியோடு போனில் பேசுவாள். தனக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மருமகள் எந்த மாமியாருக்கு உப்பில்லாமல் குழம்பு வைத்தாள், எவன் கல்யாணத்தில் எவன் சாப்பிடாமல் எழுந்து போனான் என்று அத்தனையும் வரும். வருஷக்கணக்காக இந்தக் கதைகள் என் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. நான் விடியுமுன் தோட்டத்துக்குப் போய் இருட்டித் திரும்பியதில் ஒன்றும் காதில் விழவில்லை. ஒருநாள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவள் பேச்சை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட? அந்த மாமியா என்ன செஞ்சா?"

"முழிச்சிருக்கீகளா?" என்றாள். போனில் தங்கச்சி, "அய்யய்யோ, மச்சான் கேட்டுக்கிட்டா இருக்காக?" என்றாள். அதற்குப் பிறகு எனக்குக் கதை தவறிப்போனால் தங்கச்சியே முன்கதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. மாத்திரையோ கட்டியோ, என் நாக்கைக் கொன்றுவிட்டது. கறிக்குழம்பு சேறு மாதிரி இருந்தது. காப்பியில் சீனியைக் கூட்டச் சொன்னேன், இரும்பை நக்கியது போலத்தான் இருந்தது. மருமகள் அல்லிநகரத்தில் இருக்கிற தன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஏதேதோ செய்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பாதியில் தட்டைத் தள்ளுவேன். அவளும் நம்பியது போலத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

ஆவணி பிறந்து சில நாளில், யாரும் இல்லாத சமயம், கட்டிலை விட்டு எழுந்து தூணைப் பிடித்துப் பிடித்து அந்தக் கொடிக்குப் போனேன். சேலையை விலக்கினேன். பாதிப் பூ கொட்டியிருந்தாலும் ஏழெட்டுக் குலை பிடித்திருந்தது. பட்டாணி அளவில் பச்சைக் காய்கள். காய்ப் பருவத்தில் குலையில் கை வைப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள், அது பாவம் மாதிரி. எனக்கு நிற்கத் தெம்பில்லாமல் எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்ததில் இரண்டு காய் கையோடு வந்துவிட்டது. கீழே போட மனசில்லை. வாயில் போட்டேன்.

புளிப்பு உச்சியில் அடித்தது. தாடை இழுத்துக்கொண்டது, கண்ணில் நீர் வந்தது, வாயெல்லாம் எச்சில் ஊறியது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என் நாக்குக்கு ஒன்று தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து இன்னும் நாலைந்து பறித்துத் தின்றேன்.

கீரைக்கட்டோடு வந்த என் பெண்டாட்டி அப்படியே நின்றுவிட்டாள். "அடப்பாவி மனுசா, காயவா திங்கிறீக?"

"புளிக்குது" என்றேன். "நல்லாப் புளிக்குது."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மடியில் பாதிக் குலைகளின் காயைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நசுக்கி ரசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன், சோற்றிலும் ஊற்றிக்கொண்டேன். செய்தி மச்சினனுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வாசலில் வந்து நின்றான்.

"மச்சானுக்கு மசக்கையாம்ல. எத்தன மாசம்?"

"ஒங்கக்காட்ட கேளு."

"இந்த வயசுல ஒங்களுக்கு வெக்கமில்லையா மச்சான்" என்று சொல்லிக்கொண்டே அவனும் ஒரு டம்ளர் ரசம் வாங்கிக் குடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அக்காவிடம் இன்னொரு டம்ளர் கேட்டான்.

மகனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் குடத்தோடு வந்தவன் வெறுங்காம்புகளைப் பார்த்தான். குடத்தை இறக்கி வைத்தான்.

"இதுக்காப்பா தெனமும் தண்ணி சொமந்தேன்? இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா நெறம் திரும்பிரும். நீங்க பழமாத் திங்கணும்னுதான..."

அவனைக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"பழுத்தா எனக்கு மண்ணா இருக்கும்லே. சீனியே மண்ணாத்தான் இருக்கு. இது ஒன்னுதான் நாக்குல ஏறுது. நீ சொமந்த தண்ணி வீணாப் போகல. நேத்து ரெண்டு வாய் கூடத் தின்னேன், ஒங்கம்மாகிட்டக் கேளு."

அவன் ஒரு காயைப் பறித்துக் கடித்தான். முகம் கோணிப்போனது. துப்பாமல் விழுங்கினான். "இத எப்படித்தான் திங்கிறீகளோ" என்றான். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டான்: "அப்ப, மத்த கொடிகள வெட்டிரவாப்பா?"

ஆனியிலிருந்து அவன் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. நான் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் கத்தரியை எடுக்க மாட்டான், சாரல் ஓய்ந்தும் எடுக்கவில்லை.

"வெட்டு" என்றேன். "மார்கழில கொல பெருசா நிக்கும். எவன் வந்து கேட்டாலும் அவசரப்பட்டுக் கொடுத்துறாத. கிறிஸ்மஸுக்கு மலையாளத்தான் தேடி வருவான், அதுவரைக்கும் பொறு."

என் வாயாலேயே அந்த மாசத்தைச் சொல்லிவிட்டேன். அவன் தலையை ஆட்டினான், எழுந்து குடத்தைச் சரித்தான்.

வெட்டு ஆரம்பித்த அன்று சூடம் கொளுத்திவிட்டு முதல் குச்சியை நான் வெட்ட வேண்டும் என்று கத்தரியை நீட்டினார்கள். வீட்டுக்குப் பெரியவன்தான் முதல் வெட்டு வெட்டுவது. வாங்கிப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை. "நீ வெட்டுலே, எனக்குச் சோலி கெடக்கு" என்று மகனிடம் கொடுத்தேன். என் சோலி மடியில் கிண்ணத்தில் இருந்தது: உப்பும் மிளகாய்ப் பொடியும் போட்டுப் பிசறிய பச்சைக் காய்.

பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. மீதியைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினேன். தோட்டம் முழுக்கக் கத்தரிச் சத்தம். மூன்றாவது வரிசையில் எவனோ அவசர அவசரமாகக் குச்சியை நீளமாக விட்டு வெட்டுகிறான் என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து சொல்ல நினைத்தேன். அதற்குள் மகனின் குரல் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.